வெயில் எட்டாத தெருவும் தாயின் மேல் விழுந்த பழியும்

சிலருக்கு இது மாலை, சிலருக்கு விடியற்காலை. தூக்கத்தையோ சமையலையோ ஒதுக்கிவைத்து இந்த நேரலையில் இணைந்திருக்கும் எல்லோருக்கும் நன்றி.

‘வெயிலும் வைட்டமின் டியும்’ என்று தலைப்புக் கொடுத்தபோது, எத்தனை மணிக்கு வெயிலில் நிற்க வேண்டும், எந்த மாத்திரை போட வேண்டும் என்று நான் சொல்வேன் என அமைப்பாளர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அதையும் கடைசியில் சொல்கிறேன். ஆனால் நான் பேச விரும்புவது ஒரு நோயின் வரலாற்றை. நான் வரலாறு படித்தவள் அல்ல. கன்னியாகுமரி மாவட்டத்தில் நர்சிங் டிப்ளமோ முடித்து, பிறகு ஸ்காட்லாந்துக்கு வந்து, கிளாஸ்கோவில் குழந்தைகள் வார்டில் வேலை பார்ப்பவள். இந்த நோயின் வரலாற்றில் கிளாஸ்கோ முக்கியமாக இரண்டு முறை வருகிறது. இரண்டு முறையும் எழுந்தது ஒரே கேள்விதான்: குழந்தையின் கால் வளைந்தால் யார் பொறுப்பு?

நோயின் பெயர் ரிக்கெட்ஸ். குழந்தை வளரும்போது எலும்பின் முனைகளில் முதலில் குருத்தெலும்பு உண்டாகும். பிறகு அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து கெட்டியாகும். உடலில் வைட்டமின் டி போதாவிட்டால், சாப்பாட்டில் கால்சியம் இருந்தாலும் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. எலும்பு வளரும், கெட்டியாகாது. குழந்தை எழுந்து நிற்கத் தொடங்கியதும் உடல் எடையில் கால்கள் வில்லாக வளையும். மணிக்கட்டுகள் தடிக்கும். விலா எலும்புகளின் முனைகள் வரிசையாக மணி கோத்ததுபோல் புடைக்கும். மருத்துவ நூல்களில் அதை ஜெபமாலை என்றே அழைக்கிறார்கள். ஜெபமாலை என்ற சொல்லை வேறு விதமாகக் கேட்டு வளர்ந்த எனக்கு, அதைப் பாடப் புத்தகத்தில் முதலில் படித்தபோது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

பெண் குழந்தைகளுக்கு இந்தத் துன்பம் இரண்டாம் முறையும் வரும். இடுப்பெலும்பு சிறுவயதில் வளைந்து குறுகிவிட்டால், இருபது வருடம் கழித்துப் பிரசவத்தில் குழந்தை வெளியே வர வழியிருக்காது. 1888 ஏப்ரலில் கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவமனையில் மர்டாக் கேமரன் என்ற மருத்துவர் ஒரு சிசேரியன் செய்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அக்காலத்தில் அது பெரிய சாதனை. அந்தப் பெண்ணுக்கு அறுவை ஏன் தேவைப்பட்டது என்றால், ரிக்கெட்ஸால் வளர்ச்சி குன்றி அவருடைய இடுப்பெலும்பு குறுகிப் போயிருந்தது. சாதனையைப் பற்றிப் பேசும்போது அதற்கு முன்னால் நடந்ததை நாம் மறந்துவிடுகிறோம்.

இந்த நோயைப் பற்றி விரிவாக முதலில் எழுதியவர்கள் ஆங்கிலேயர்கள். 1645இல் டேனியல் விஸ்லர் என்ற மாணவர் ஆய்வேடு எழுதினார். 1650இல் ஃபிரான்சிஸ் கிளிசன் முழு நூலாகவே எழுதினார். ஐரோப்பாவின் மற்ற நாட்டவர் இதை ‘ஆங்கில நோய்’ என்று அழைத்தார்கள். பிறகு தொழிற்சாலைகள் வந்தன. நிலக்கரிப் புகை வானத்தை மூடியது. கிராமத்திலிருந்து வந்த குடும்பங்கள் குறுகலான சந்துகளில் அடைந்து வாழ்ந்தன. நோய் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்தது.

1822இலேயே ஷ்னியாடெட்ஸ்கி என்ற போலந்து மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். நகரத்துக் குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் வருகிறது, கிராமத்துக் குழந்தைகளுக்கு அவ்வளவாக வருவதில்லை. குழந்தையைத் திறந்த வெளியில், நேரடி வெயிலில் வையுங்கள் என்று அவர் எழுதினார். அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் இலவசமாகக் கிடைப்பது. இலவசமானது மருந்தாக இருக்கும் என்று நம்புவதற்கு மருத்துவ உலகத்துக்கு மேலும் நூறு வருடம் தேவைப்பட்டது.

எங்கள் தொழிலின் தாயான ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் வெளியிட்ட நர்சிங் நூலில் வெளிச்சத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். நோயாளிக்கு நல்ல காற்றுக்கு அடுத்தபடி தேவையானது வெளிச்சம், அதுவும் நேரடி வெயில் என்பது அவருடைய கருத்து. வைட்டமின் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. அவர் கட்டிலருகில் நின்று பார்த்ததை எழுதினார், அவ்வளவுதான்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் தியோபால்ட் பால்ம். அவர் ஒரு மருத்துவ மிஷனரி. எடின்பரோ மருத்துவ மிஷன் சங்கம் அவரை ஜப்பானுக்கு அனுப்பியது. 1870களிலும் 1880களின் தொடக்கத்திலும் நீகாட்டாவில் வேலை செய்தார். ஏழைக் குழந்தைகளை அங்கே நிறையப் பார்த்தார். ஊர் திரும்பி வடக்கு இங்கிலாந்தில் மருத்துவம் பார்க்கத் தொடங்கியபோது கால் வளைந்த குழந்தைகளைக் கண்டு அதிர்ந்தார். இப்படியொன்றை ஜப்பானில் அவர் பார்த்ததே இல்லை. ஆங்கிலேயக் குழந்தைகள் ஜப்பானியக் குழந்தைகளைவிட ஏழைகளும் அல்ல, பட்டினி கிடப்பவர்களும் அல்ல. அப்படியானால் இது ஏன்?

அந்தச் சமயத்தில், 1889இல், பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் தீவு முழுவதிலும் ரிக்கெட்ஸ் எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு வரைபடம் வெளியிட்டது. தொழில் நகரங்களும் சுரங்கப் பகுதிகளும் அதில் அடர்த்தியாக இருந்தன. பால்ம் அதைப் பார்த்தார். சீனா, ஜப்பான், இந்தியா போன்ற நாடுகளில் வேலை செய்த மிஷனரி மருத்துவர்களிடம், உங்கள் ஊரில் இந்த நோய் உண்டா என்று விசாரித்தார். பதில்களைக் கோத்து 1890இல் ஒரு கட்டுரை எழுதினார். உணவும் அசுத்தமும் முதன்மைக் காரணமல்ல, வெயிலின்மைதான் காரணம் என்பது அவருடைய முடிவு. சூரியனின் சூட்டை அளந்தால் போதாது, அதன் ரசாயன ஆற்றலை அளக்கும் கருவி வேண்டும் என்றார். நோயுள்ள குழந்தைகளை வெயில் உள்ள இடத்துக்கு மாற்றுங்கள், வெயிலில் குளிக்க வையுங்கள், மக்களுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள் என்றார்.

பால்ம் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். இந்தக் குழந்தையின் தாய் எப்படிப்பட்டவள் என்று அவர் கேட்கவில்லை. இந்தக் குழந்தை எங்கே வாழ்கிறது என்று கேட்டார். அதனால்தான் விடை கிடைத்தது. அவருடைய கட்டுரையும் தூசி படிந்து கிடந்தது என்பது வேறு விஷயம்.

இனி கிளாஸ்கோவின் முதல் முறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஊரின் ஏழைத் தெருக்களில் ரிக்கெட்ஸ் சர்வசாதாரணம். நான்கு மாடிக் கல் கட்டடங்கள், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறை அல்லது இரண்டு, பின்னால் கிணறுபோல் இருட்டான முற்றம். லெனார்ட் ஃபின்ட்லே என்ற மருத்துவர் 1908இல் நாய்க்குட்டிகளை அடைத்துவைத்து வளர்த்தார். அவற்றுக்கு ரிக்கெட்ஸ் வந்தது. அடைபட்டுக் கிடப்பதும் ஓடியாடாமையும்தான் காரணம் என்றார். 1918இல் மார்கரெட் ஃபெர்குசன் வீடுவீடாகப் போய் ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதினார். வீட்டின் நெருக்கடி, திறந்தவெளி இல்லாமை என்று அவர் சொன்னதெல்லாம் உண்மையைத் தொட்டவைதான். ஆனால் கிளாஸ்கோ ஆய்வாளர்களின் பார்வை மெல்ல மெல்லத் தாயின் பக்கம் திரும்பியது. 1926இல் வெளியான மற்றோர் அறிக்கையில் தாயின் ‘திறமை’யே அளக்க வேண்டிய ஒரு காரணமாக வந்துவிட்டது. நான்காம் மாடியில் தண்ணீர் சுமந்து, துணி துவைத்து, ஐந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், கைக்குழந்தையைப் பூங்காவுக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை என்றால் அது அவளுடைய திறமைக் குறைவு! புகையை அளந்து வானத்தைக் குற்றஞ்சாட்ட யாருக்கும் அவ்வளவு அவசரம் இல்லை.

லண்டனில் வேறொரு கூட்டம் வேறொன்றைச் சொன்னது. 1919இல் எட்வர்ட் மெல்லன்பி, ஓட்ஸ் போன்ற உணவை மட்டும் கொடுத்து வீட்டுக்குள்ளேயே வளர்த்த நாய்க்குட்டிகளுக்கு ரிக்கெட்ஸ் வருவதையும், காட் மீனின் ஈரல் எண்ணெய் கொடுத்தால் வராததையும் காட்டினார். ஆகவே இது உணவுக் குறைபாடு என்றார். அதே காலத்தில் பெர்லினில் ஹல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், ரிக்கெட்ஸ் வந்த நான்கு குழந்தைகளைப் பாதரச விளக்கின் புற ஊதா ஒளியில் வைத்துக் குணப்படுத்தினார். ஒரு கையில் மட்டும் ஒளியைப் பாய்ச்சினாலும் மறு கையின் எலும்பும் சரியாவதைக் கண்டார். அப்படியானால் ஒளி பட்ட தோலில் ஏதோ உண்டாகி, இரத்தத்தில் கலந்து, உடல் முழுக்கப் போகிறது. எண்ணெயா, ஒளியா? இரு தரப்பும் ஆதாரத்தோடுதான் பேசின. ஒன்றை ஒன்று நம்பவில்லை.

இந்த வழக்கைத் தீர்த்தவர்களில் முதன்மையானவர்கள் பெண்கள். முதல் உலகப் போர் முடிந்தபோது வியன்னா பட்டினியில் கிடந்தது. லண்டனின் லிஸ்டர் ஆய்வகத்திலிருந்து ஹாரியட் சிக் என்பவரின் தலைமையில் ஒரு குழு 1919இல் அங்கே போனது. குழுவில் பெரும்பாலோர் பெண்கள். குழந்தைகள் மருத்துவமனையின் தலைவர் வான் பிர்கே, ரிக்கெட்ஸ் ஒரு தொற்றுநோய் என்று நம்பியவர். இருந்தாலும் தம் கருத்துக்கு எதிரான ஆய்வுக்கும் வார்டைத் திறந்துவிட்டார். அந்தப் பெருந்தன்மையை நான் மதிக்கிறேன்.

ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு ஊரில் வழக்கமான பால் உணவு. மறு பகுதிக்கு அதோடு ஈரல் எண்ணெயும் உண்டு. குளிர்காலம் வந்தது. எண்ணெய் பெறாத குழந்தைகள் பலருக்கு ரிக்கெட்ஸ் வந்தது. எண்ணெய் குடித்தவர்களுக்கு வரவில்லை. கோடை வந்தது. இரண்டு பகுதியிலும் புதிதாக யாருக்கும் வரவில்லை. நோய் வந்த குழந்தைகளைத் திறந்த மாடத்தில் வெயிலில் கிடத்தினார்கள். உணவை மாற்றாமலேயே குணமானார்கள். விளக்கொளியிலும் குணமானார்கள். வாரந்தோறும் எடை, மாதந்தோறும் எக்ஸ்ரே, ஒவ்வொரு புட்டியிலும் எவ்வளவு பால் மிச்சம் என்ற கணக்கு. இந்த மாதிரி ஆய்வு எந்தக் காலத்திலும் நர்சுகளின் கைகளால்தான் நடக்கும். அவர்களின் பெயர் கட்டுரையின் தலைப்பில் வராது.

முடிவு எளிமையானது. எண்ணெயும் சரி, வெயிலும் சரி. இரண்டும் ஒரே இடத்துக்குப் போகும் இரண்டு வழிகள். 1922இல் அமெரிக்காவில் மக்கல்லம் என்பவர் ஈரல் எண்ணெயைச் சூடாக்கி, காற்றுச் செலுத்தி, அதிலிருந்த வைட்டமின் ஏ-யை அழித்தார். அதன் பிறகும் எண்ணெய் ரிக்கெட்ஸைக் குணப்படுத்தியது. ஏ, பி, சி ஏற்கெனவே இருந்ததால் புதியதற்கு டி என்று பெயர் வந்தது. வெயிலின் புற ஊதா பி கதிர் தோலிலுள்ள ஒருவகைக் கொழுப்பைத் தொட்டு இதே பொருளை உண்டாக்குகிறது என்பது பின்னர் தெளிவானது. அது ஈரலிலும் சிறுநீரகத்திலும் இரண்டு முறை மாற்றம் பெற்று வேலைக்குத் தயாராகிறது. ஹாரியட் சிக் 102 வயது வரை வாழ்ந்தார். வியன்னா நாட்களைப் பற்றிய அவருடைய கட்டுரை 1976இல், அவர் நூறு வயதைக் கடந்த பிறகு வெளியானது.

காரணம் தெரிந்தது. பிறகு பிரிட்டன் என்ன செய்தது? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மார்கரினில் வைட்டமின் டி சேர்த்தார்கள். சிறு குழந்தைகளுக்கு ஈரல் எண்ணெயை அரசே விநியோகித்தது. எந்தத் தாய் திறமைசாலி என்று பார்த்துக் கொடுக்கவில்லை, எல்லோருக்கும் கொடுத்தார்கள். போருக்குப் பிந்தைய தலைமுறையில் ரிக்கெட்ஸ் ஏறக்குறைய மறைந்தது. 1950களில் ஒரு சிக்கலும் வந்தது. பால்மாவிலும் குழந்தை உணவுகளிலும் எண்ணெயிலுமாகப் பல வழிகளில் சேர்ந்துபோனதால், சில குழந்தைகளின் இரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறியது. 1957இல் உணவில் சேர்க்கும் அளவைக் குறைத்தார்கள். இந்த மருந்தில் ‘அதிகம் என்றால் நல்லது’ என்பது கிடையாது.

இப்போது கிளாஸ்கோவின் இரண்டாம் முறை. 1962இல் இங்குள்ள மருத்துவர்கள், நகரத்தின் பாகிஸ்தானியச் சமூகத்தில் ரிக்கெட்ஸ் இருப்பதைப் பதிவு செய்தார்கள். தொடர்ந்து பிற நகரங்களிலும் இந்திய, பாகிஸ்தானியக் குடும்பங்களில் கண்டார்கள். ஒழிந்த நோய் திரும்பி வந்துவிட்டது! உடனே காரணங்கள் அடுக்கப்பட்டன. சப்பாத்தி சாப்பிடுகிறார்கள், மீன் சாப்பிடுவதில்லை, பெண்கள் உடலை மூடுகிறார்கள், வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை, ஆங்கிலம் தெரியாது. இவற்றில் சிலவற்றுக்கு அறிவியல் அடிப்படை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கறுத்த தோலிலுள்ள மெலனின் புற ஊதாக் கதிரைத் தடுப்பதால், அதே அளவு வைட்டமினை உண்டாக்க நமக்கு அதிக நேரம் வெயில் வேண்டும். நூற்றுக்கணக்கான தலைமுறைகளாகக் கடும் வெயிலில் நம்மைக் காத்த அதே நிறம், 56 பாகை வடக்கில் நமக்குப் பாதகமாகிறது. இது யாருடைய பழக்கக் குறையும் அல்ல.

1981இல் நாடு தழுவிய ‘ரிக்கெட்ஸை நிறுத்துவோம்’ இயக்கம் தொடங்கியபோது, அதற்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி எழுந்தது. போர்க் காலத்தில் வெள்ளைக் குழந்தைகளுக்கு நோய் வந்தபோது உணவில் வைட்டமினைச் சேர்த்தீர்கள். எங்கள் குழந்தைகளுக்கு வந்தபோது எங்கள் வாழ்க்கையை மாற்றச் சொல்கிறீர்களே? சப்பாத்தி மாவில் சேர்க்கலாம் என்ற யோசனையும் நிறைவேறவில்லை. ஆனால் கிளாஸ்கோ வேறு வழியில் நடந்தது. 1979 முதல் இந்த ஊரில் ஆசியக் குழந்தைகளுக்கு வைட்டமின் டியை இலவசமாகக் கொடுத்தார்கள். சில வருடங்களில் ரிக்கெட்ஸோடு மருத்துவமனைக்கு வரும் ஆசியக் குழந்தைகள் வெகுவாகக் குறைந்தார்கள். யாரும் சப்பாத்தியை விடவில்லை. யாரும் சேலையை மாற்றவில்லை. சொட்டு மருந்து வீட்டுக்கு வந்தது, அவ்வளவுதான்.

ஏன் இதையெல்லாம் தோண்டிச் சொல்கிறேன்? பழி இன்னும் போகவில்லை என்பதால். வார்டில் ஒரு யாழ்ப்பாணத்துத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “அக்கா, நான் பிள்ளைக்குப் பார்த்துப் பார்த்துத்தானே எல்லாம் குடுத்தனான். முட்டை, மீன், பால். எங்க பிழை விட்டனான்?” அவருக்கு வீட்டிலும் பேச்சு விழுந்திருந்தது. ஊரில் நாலு பிள்ளை வளர்த்த மாமியார் தொலைபேசியில், எங்கட காலத்தில இப்படியொரு வருத்தம் இல்லையே என்றாராம். மாமியார் சொன்னது உண்மை. அந்தக் காலத்தில் அவர் இருந்தது யாழ்ப்பாணத்தில். நான் என் ஊர்த் தமிழில் சொன்னேன், “உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. நீங்க மாறல, வானம் மாறிருக்கு.”

இது ஆறுதலுக்காகச் சொன்னது மட்டுமல்ல. ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் கண்டியில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2008இல் வந்தது. கண்டியில் இருப்பவர்களின் இரத்தத்தில் வைட்டமின் டி, ஒஸ்லோவில் இருப்பவர்களைவிட மிக அதிகம். ஒரே மக்கள், வெவ்வேறு வானம். பால்ம் 1890இல் கேட்ட கேள்விக்கு இன்னொரு முறை கிடைத்த அதே விடை.

இனி, வாக்களித்தபடி நடைமுறைக்கு வருகிறேன். பிரிட்டனில் அக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, நாள் முழுக்க வெளியே நின்றாலும் தோலில் போதிய வைட்டமின் டி உண்டாகாது. கனடாவின் பல பகுதிகளுக்கும் நோர்வேக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஜன்னல் கண்ணாடி புற ஊதா பி கதிரைத் தடுத்துவிடும். கண்ணாடிக்குப் பின்னால் குழந்தையைக் கிடத்தினால் சூடு கிடைக்கும், வைட்டமின் கிடைக்காது. நம் பாட்டிமார் காலை இளவெயிலில் குழந்தையைக் காட்டுவார்கள். அது இதமானது, ஆனால் சாய்ந்து வரும் வெயிலில் இந்தக் கதிர் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருந்தால் பெரிதாக ஒன்றும் உண்டாகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அதற்காகக் கைக்குழந்தையை உச்சி வெயிலில் கிடத்திவிடாதீர்கள். தோல் கருகுவதால் வரும் கேடு வேறு.

ஆகவே பிரிட்டனில் 2016 முதல் உள்ள அறிவுரை: இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லோரும் தினமும் 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட் வைட்டமின் டி எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். நம்மைப் போன்ற தோல் நிறம் உள்ளவர்கள் வருடம் முழுவதும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பிறந்தது முதலே சொட்டு மருந்து. தாய்ப்பாலில் குறை என்று அர்த்தமல்ல. தாய்க்கும் அதே வானம்தான். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் உங்கள் ஊர் அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதோடு, வைட்டமின் டி எல்லா நோயையும் தீர்க்கும் என்று வாட்ஸாப்பில் வருவதை நம்பாதீர்கள். அமெரிக்காவில் 25,000க்கும் மேற்பட்டவர்களிடம் தினமும் 2000 யூனிட் கொடுத்து நடத்திய பெரிய ஆய்வில், புற்றுநோய் வருவதையோ மாரடைப்பையோ அது குறைக்கவில்லை என்று தெரிந்தது. குறைபாடு உள்ளவருக்கு இது மருந்து. குறைபாடு இல்லாதவர் கைப்பிடியாக விழுங்கினால், 1950களின் குழந்தைகளுக்கு வந்த அதே கால்சியத் தொல்லை பெரியவருக்கும் வரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில், நண்பர் வட்டத்தில், ஒரு பிள்ளைக்கு வைட்டமின் டி குறைவு என்று டாக்டர் சொன்னால், அந்தத் தாயிடம் ‘என்ன சாப்பாடு கொடுத்தாய்’ என்று தொடங்காதீர்கள். சொட்டு மருந்து வாங்கியாயிற்றா என்று கேளுங்கள். வாங்கவில்லை என்றால், போகும் வழியில் ஒரு புட்டி வாங்கிக்கொண்டு போங்கள். அரிசியும் தேங்காயும் வாங்கிக் கொடுப்பதுபோல்தான் இதுவும்.

கேள்விகள் இருந்தால் சொல்லுங்கள். இரவுப் பணிக்குக் கிளம்ப இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது.